டெல்லியை விட யாங்கூன் கிட்டத்தான் இருக்கு!

நாகப்பட்டினத்திலிருந்து டெல்லி தூரமா, மியான்மரின் யாங்கூன் தூரமா?

சட்டென்று கேட்டால் நம்மில் பெரும்பாலானவர்கள் யாங்கூன் என்றுதான் சொல்வோம். அது வெளிநாடு ஆச்சே! ஆனால் வரைபடத்தை எடுத்து அளந்து பாருங்கள். நாகையிலிருந்து டெல்லிக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். யாங்கூனுக்கு 1,900தான். சென்னையிலிருந்து அளந்தால் இரண்டும் கிட்டத்தட்ட சமம், 1,750 சொச்சம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். சென்னையிலிருந்து டொராண்டோ 13,000 கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் அங்கே பனி கொட்டினால் தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. "ஸ்கார்பரோவுல மைனஸ் பதினெட்டாம், புள்ள எப்படித்தான் வேலைக்குப் போறானோ" என்று பக்கத்து வீட்டில் கவலைப்படுகிறார். அதே தெருவில் யாரையாவது கேளுங்கள், யாங்கூனில் இப்போது மழையா வெயிலா என்று. "அங்க ஏதோ ராணுவ ஆட்சி, கலவரம்" என்பார்கள். அவ்வளவுதான்.

டொராண்டோ கண்ணுக்குத் தெரிகிறது. யாங்கூன் ஒரு வார்த்தையாக மட்டும் இருக்கிறது. கிலோமீட்டர் வேறு, மனசு அளக்கிற தூரம் வேறு. இதைத்தான் உளவியலாளர்கள் 'உளவியல் தூரம்' என்கிறார்கள். படிக்கும்போது சாதாரண விஷயமாகத்தான் தெரிந்தது. ஆனால் யாங்கூனுக்குத் தெற்கே, ஆற்றைத் தாண்டி இருக்கிற த்வாண்டே என்ற சிறு ஊரில் என் சொந்தக்காரர்கள் வாழ்கிறார்கள். அவர்களை எங்கள் குடும்பம் எப்படிப் பார்க்கிறது என்று யோசித்தபோதுதான், இந்தத் தூரம் என்ன செய்யும் என்பது புரிந்தது.

நாலு விதமான தூரம்

யாகோவ் ட்ரோப், நீரா லிபர்மான் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990களின் கடைசியிலிருந்து இதை ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம்மிடமிருந்து ஒரு விஷயம் நாலு வகையில் விலகி இருக்கலாம். ஒன்று காலம்: முப்பது வருஷம் முன்னால், பத்து வருஷம் கழித்து. இரண்டு இடம். மூன்று உறவு: நம்மவர், மற்றவர். நாலாவது நிச்சயம்: நடக்கும் என்று உறுதியாகத் தெரிந்தது, நடக்கலாம் நடக்காமலும் போகலாம் என்பது. இந்த நாலில் எதில் தூரம் கூடினாலும் மனசு ஒரே வேலையைத்தான் செய்கிறது. விவரங்களை உதிர்த்துவிட்டு, மொத்தையாக ஒரு சித்திரத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது.

நம்ம வீட்டுக் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் இருக்கும்போது அது 'நல்ல காரியம்', 'இரண்டு குடும்பங்களின் இணைப்பு'. முதல் நாள் ராத்திரி? "வாழை இலை வந்துச்சா? பெரிய மாமாவுக்கு யார் போன் போடுறது? ஜெனரேட்டருக்கு டீசல் போட்டாச்சா?" கல்யாணம் அதேதான். தூரத்திலிருந்து பார்க்கும்போது 'ஏன்' தெரிகிறது, கிட்டே வரும்போது 'எப்படி' தெரிகிறது.

'தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி' என்று நம்ம ஊர்ப் பெரியவர்கள் சொன்னதும் இதைத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் வயலில் முள்ளும் தெரியாது, பூச்சி அரித்த இலையும் தெரியாது. பச்சை மட்டும் தெரியும். அந்தப் பழமொழி சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. தூரத்தில் பசுமை மட்டும் மொத்தையாகத் தெரிவதில்லை, துயரமும் அப்படித்தான் தெரியும்.

ரங்கூன் ஒரு காலத்தில் பக்கத்து ஊர்

நம் கொள்ளுத்தாத்தாக்கள் காலத்தில் இந்தத் தூரம் இல்லை. ரங்கூனுக்குக் கப்பல் ஏறுவது, இன்றைக்குத் துபாய்க்குப் போவது மாதிரி. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்தான். பாஸ்போர்ட் தேவையில்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கில் பர்மாவில் 10 லட்சத்துக்கும் மேலான இந்தியர்கள். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான். ஐராவதி டெல்டாவில் காடு திருத்தி வயலாக்கவும், அறுவடைக்கும், அரிசி ஆலைகளுக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் ஆட்கள் போனார்கள். செட்டிநாட்டிலிருந்து வட்டிக்கடைகளும் போயின.

அப்போது ஊரில் இருந்தவர்களுக்கு ரங்கூன் விவரமாகத் தெரியும். எந்த மாதம் அறுவடை, நெல் என்ன விலை, எந்த ஆலையில் கூலி சரியாகக் கொடுப்பார்கள், எந்தக் கப்பலில் கூட்டம் குறைவு. கடிதம் வரும், மணியார்டர் வரும், தேக்கு மரம் வரும். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களைத் தொட்டுப் பாருங்கள், அதில் பர்மா இருக்கிறது.

ஆனால் அந்த நெருக்கத்துக்குள்ளேயும் ஒரு தூரம் இருந்தது. வட்டிக்கடை ஏஜென்டுகள் மூன்று வருஷத் தவணைக்குப் போய்வருவார்கள். முதலாளி ஊரில் இருப்பார். ஏஜென்டுக்குப் பர்மிய விவசாயியின் முகம் தெரியும். முதலாளிக்கு அவன் பேரேட்டில் ஒரு வரி. 1930ல் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் கட்ட முடியாத நிலங்கள் கைமாறின. பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930ல் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 சதவீதம். 1937ல் அது ஏறக்குறைய 25 சதவீதம். பேரேட்டில் பார்த்தால் அது 'வராக் கடனுக்கு ஈடு'. வயலில் நின்றவனுக்கு அப்பன் பாட்டன் நிலம் போச்சு. அவன் பார்வையில் இந்தியர்கள் எல்லோரும் ஒரே மொத்தையானார்கள். மூட்டை தூக்குகிற கூலிக்காரரும் 'கலா'தான், வட்டிக்கடைக்காரரும் 'கலா'தான். ஏளனமாகச் சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்குள் லட்சக்கணக்கான முகங்கள் காணாமல் போயின.

நடந்தே வந்தவர்கள், விட்டு வந்தவர்கள்

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டன. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் தாண்டி இந்தியாவுக்கு நடந்தே வந்தார்கள். பசியிலும் காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல ஆயிரம். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் அப்படி நடந்து வந்தவர்தான். அந்தப் பயணத்தை அவர் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். 1952ல் வந்த 'பராசக்தி' படத்தின் கதையே ரங்கூனில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பம் போரில் சிதறுவதில்தான் தொடங்குகிறது. படம் பார்த்தவர்களுக்கு ரங்கூன் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது 1962 மார்ச் 2. ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் ஆலைகளும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த வருஷங்களில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். கையில் பெரிதாக எதுவும் கொண்டுவர முடியவில்லை. என் தாத்தா அப்படி வந்த ஒருவர். அவருடைய தம்பி, என் சின்னத் தாத்தா, வரவில்லை. த்வாண்டே பக்கத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருந்தார். "அறுவடை முடியட்டும், அடுத்த கப்பல்ல வர்றேன்" என்றாராம். அந்த அடுத்த கப்பல் வரவே இல்லை.

தமிழ்நாட்டில் அந்தப் பர்மா இப்போது எங்கே இருக்கிறது? சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, தாயகம் திரும்பியவர்களுக்காக 1969ல் உருவான பர்மா பஜாராக இருக்கிறது. பல ஊர்களில் பர்மா காலனி என்ற பெயர்ப் பலகையாக இருக்கிறது. சாயங்காலம் சாப்பிடுகிற அத்தோவாக இருக்கிறது. மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊரில், பர்மாவுக்கே திரும்பிப் போய்விடலாம் என்று கிளம்பி எல்லையில் தடுக்கப்பட்டவர்கள் அங்கேயே தங்கிக் கட்டிய அங்காள பரமேஸ்வரி கோயிலாக இருக்கிறது. பெயர்கள் அப்படியே இருக்கின்றன, ஆனால் அங்கேயே தங்கிவிட்ட ஆட்கள் பற்றிப் பேச்சே இல்லை. பர்மா பஜாரில் செல்போனுக்கு உறை வாங்குகிற பையனிடம் கேளுங்கள், பர்மாவில் இன்னமும் தமிழர்கள் இருக்கிறார்களா என்று. யோசிப்பான்.

1,500 கியாட் சிம் கார்டு

நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து ஒரு தொலைத்தொடர்பு வேலைக்காக 2017ல் யாங்கூன் போனேன். ஏறக்குறைய இரண்டு வருஷம் இருந்தேன். அது ஒரு வேடிக்கையான காலம். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்புவரை மியான்மரில் சிம் கார்டு என்பது பணக்காரர்கள் சமாச்சாரம். நூற்றுக்கணக்கான டாலர், ஒரு கட்டத்தில் ஆயிரம் டாலருக்கும் மேல். 2014ல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து 1,500 கியாட்டுக்குக் கொடுத்தன. அன்றைய மதிப்பில் ஒன்றரை டாலர். ஒரே பாய்ச்சலில் ஊரே ஸ்மார்ட்போனுக்குத் தாவியது.

சனிக்கிழமை காலையில் பன்சோடன் படகுத்துறையில் படகு ஏறினால் பத்து நிமிஷத்தில் டலா. அங்கிருந்து மோட்டார் பைக்கில் இருபது கிலோமீட்டருக்கு மேல் போனால் த்வாண்டே. மண்பானைக்குப் பேர்போன ஊர். பானைக் கொட்டகைக்குள் நுழைந்தால் ஈர மண் வாசனையும் சூளைப் புகையும் நம்ம மானாமதுரையை ஞாபகப்படுத்தும். வெள்ளைக்காரர்கள் காலத்தில் வெட்டிய த்வாண்டே கால்வாய், யாங்கூன் ஆற்றையும் ஐராவதியையும் இணைத்துக்கொண்டு சுமார் 35 கிலோமீட்டர் ஓடுகிறது. இரண்டு பக்கமும் நெல் வயல்.

சின்னத் தாத்தா இப்போது இல்லை. அவருடைய மகன், எனக்குச் சித்தப்பா முறை. முதல் தடவை போனபோது, "வாங்க தம்பி, அண்ணன் மகனா நீங்க?" என்றார். அறுபது வருஷம் பழைய சிவகங்கைத் தமிழ். நடுநடுவே பர்மிய வார்த்தைகள். வீட்டில் எல்லோருக்கும் இரண்டு பெயர். பள்ளிக்கூடத்துக்கும் அட்டைக்கும் ஒரு பர்மியப் பெயர், கோயிலுக்கும் வீட்டுக்கும் ஒரு தமிழ்ப் பெயர். 1982ல் வந்த குடியுரிமைச் சட்டம், வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே, அதாவது 1823க்கு முன்பே அங்கிருந்த இனங்களுக்குத்தான் பிறப்பால் முழு உரிமை என்கிறது. மற்றவர்கள் ஆவணம் காட்டி நிரூபிக்க வேண்டும். சித்தப்பா பிறந்தது, வளர்ந்தது, நட்டது, அறுத்தது எல்லாம் அந்த மண்ணில்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அலுவலகத்தில் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பார்களாம்.

நான் அங்கே இருந்தபோதுதான் சிவகங்கையில் இருக்கும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர்களைச் சேர்த்தேன். முதல் வாரம் திருவிழாதான்! அத்தை கேட்கிற கேள்விகளைப் பார்க்க வேண்டுமே. "அங்க என்ன அரிசி? குழம்புக்குப் புளி கிடைக்குதா? அந்தப் பாப்பா என்ன படிக்குது?" அரை நூற்றாண்டாகப் 'பர்மாக்காரங்க' என்று இருந்தவர்கள் ஒரு வாரத்தில் ஆட்களானார்கள். தூரத்தை உடைத்தது அன்பும் பாசமும் மட்டுமில்லை. 1,500 கியாட் சிம் கார்டுக்கும் அதில் பங்கு உண்டு.

பிறகு பாதை அடைபட்டது

2021 பிப்ரவரி 1. ராணுவம் மறுபடி ஆட்சியைக் கைப்பற்றியது. சில நாட்களில் பேஸ்புக் முடக்கம், வாட்ஸ்அப்பும் தடை. விபிஎன் போட்டுத்தான் பேச முடியும். 2024ல் விபிஎன்னையும் முடக்கத் தொடங்கினார்கள். மின்சாரம் ஒரு நாளைக்குச் சில மணி நேரம். வீடியோ கால் குறைந்து, குரல் பதிவாகி, அதுவும் குறைந்து, மாதத்துக்கு ஒரு "நலம்" ஆனது.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். விவரம் வருவது நின்றதும், எங்கள் குழுவின் பேச்சும் மாறிவிட்டது.

2024 பிப்ரவரி 10ம் தேதி, கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமல்படுத்துவதாக அறிவித்தார்கள். ஆண்களில் 18 முதல் 35 வயது வரை. சித்தப்பாவின் மகனுக்கு அப்போது வயது 19. எனக்குத் தம்பி முறை. சித்தப்பா எப்படியோ ஒரு செய்தி அனுப்பினார்: வார்டில் பட்டியல் எழுதுகிறார்கள், குலுக்கல் போடுவார்களாம், பையன் பெயர் இருக்கிறது. குழுவில் வந்த பதில்கள் மொத்தம் ஆறு. "கடவுள் காப்பாத்துவார்", "பத்திரமா இருங்க", மற்றதெல்லாம் கும்பிடும் கை.

இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 16ம் தேதி, துபாயில் வரலாறு காணாத மழை. எங்கள் அத்தை மகன் அங்கே இருக்கிறார். அவருடைய காருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அன்றைக்குக் குழுவில் இருநூறு செய்தி இருக்கும். எந்த ரோடு, தண்ணீர் எந்த அளவுக்கு, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாதே, இன்சூரன்ஸுக்குப் போட்டோ எடுத்து வை, ராத்திரி எங்கே தங்கினே, சாப்பிட்டியா.

இரண்டு பேருமே சொந்தம்தான். ஒருவருக்கு ஆபத்தில் இருந்தது கார். இன்னொருவருக்கு உயிர். ஆனால் காரைப் பற்றிக் கேட்க எங்களிடம் இருநூறு கேள்வி இருந்தது. உயிரைப் பற்றிக் கேட்க ஒரு கேள்விகூட வரவில்லை. என் வீட்டு ஆட்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. துபாய் ரோடு அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. த்வாண்டே வார்டு அலுவலகம் தெரியவில்லை. தெரியாத இடத்தைப் பற்றி மனசால் கேள்வி கேட்க முடிவதில்லை. பிரார்த்தனை மட்டும்தான் பண்ண முடிகிறது.

பாங்காக்கில் விழுந்த கட்டடம்

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் இல்லை. 2025 மார்ச் 28ம் தேதி மியான்மரில் 7.7 அளவில் நிலநடுக்கம். மாண்டலே, சகாயிங் பகுதிகள் நொறுங்கின. 3,500 பேருக்கும் மேல் இறந்தார்கள். அன்றைக்கு உங்கள் போனில் முதலில் என்ன வந்தது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த ஓர் உயரமான கட்டடம் சரிந்து விழுகிற வீடியோதானே? நிலநடுக்க மையத்திலிருந்து பாங்காக் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். ஆனால் அங்கே நல்ல இன்டர்நெட் இருக்கிறது. நாம் ஷாப்பிங் போன ஊர். மாண்டலேவில் இணையமும் இல்லை, வெளிநாட்டுச் செய்தியாளர்களும் இல்லை. ஒரு வீடியோவுக்கு முன்னால் ஆயிரக்கணக்கான உயிர்கள் எடை குறைந்து போயின.

2008 மே 2ம் தேதி நர்கீஸ் புயல் ஐராவதி டெல்டாவைத் தாக்கியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து சுமார் 1,38,000 பேர். 2004 சுனாமியில் இந்தியாவில் நாம் இழந்தவர்களைப் போலப் பல மடங்கு. அதே வங்கக் கடல்தான். நாகையும் கடலூரும் நமக்கு ஆறாத காயம். நர்கீஸ் என்ற பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

மனசு எண்களுக்கு அசையாது என்பதற்கு 2007ல் வெளியான ஒரு ஆய்வு உண்டு. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் செய்தது. ஒரு குழுவிடம் ஆப்பிரிக்காவில் பசியால் வாடும் லட்சக்கணக்கானவர்களின் புள்ளிவிவரத்தைக் காட்டி நன்கொடை கேட்டார்கள். இன்னொரு குழுவிடம் மாலி நாட்டின் ஒரு 7 வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் சொன்னார்கள். சிறுமிக்குத்தான் அதிகம் கொடுத்தார்கள். இது எதிர்பார்த்ததுதான். மூன்றாவது குழுவிடம் சிறுமியையும் காட்டி, புள்ளிவிவரத்தையும் காட்டினார்கள். சிறுமிக்கு வந்த தொகை குறைந்துவிட்டது. எண்ணைப் பார்த்ததும் சிறுமியும் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டாள்.

அதனால்தான் "மியான்மர் தமிழர் பிரச்சினை" என்று ஆரம்பித்தால் யாரும் கேட்பதில்லை. "புளி கிடைக்குதா" என்று ஆரம்பித்தால் கேட்கிறார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

தூரம் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யாது. த்வாண்டேயில் இருப்பவர்களுக்கு நாமும் மொத்தைதான். "சிங்கப்பூர்ல இருக்கான்" என்றால் மாடி வீடு, பணம், நிம்மதி. ஒரு அறைக்கு நாம் கொடுக்கிற வாடகையும், பெர்மிட் புதுப்பிக்கிற மாதத்தில் வராத தூக்கமும் அவர்களுக்குத் தெரியாது. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் அப்படித்தான். நமக்கும் அவர்களுடைய முழங்கால் வலி, 'வயசாச்சு' என்ற ஒரு வார்த்தையாகச் சுருங்கியிருக்கிறது. நாம் விடுமுறைக்குப் போய், அவர்கள் மாடிப்படி ஏறுவதைப் பார்க்கும்போதுதான் அது வலியாகத் தெரிகிறது.

வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு படி கூட. தமிழ்நாடு, யாழ்ப்பாணம், மலாயா எல்லாம் அவர்களுக்குப் 'பாரம்பரியம்', 'வேர்கள்' என்ற பெரிய பெரிய வார்த்தைகளாக வந்து சேர்கின்றன. பொங்கலுக்கு வேட்டி, விழா மேடையில் பரதநாட்டியம். தப்பில்லை. ஆனால் பெரிய வார்த்தைகளை மட்டுமே கொடுத்தால், பிள்ளைகள் அந்த வார்த்தைகளைத்தான் மதிப்பார்கள். ஆட்களைத் தெரிந்துகொள்ள மாட்டார்கள். எங்கள் தாத்தா தலைமுறையில் 'ரங்கூன்' என்பது தம்பி. அப்பா தலைமுறையில் அது கதை. என் தலைமுறையில் பஜார் பெயர். மூன்றே தலைமுறையில் ஒரு தம்பி பெயர்ப் பலகை ஆகிவிட முடியும் என்றால், நாம் இன்று விட்டுவந்தவர்கள் நம் பேரப்பிள்ளைகளுக்கு என்னவாக இருப்பார்கள்?

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தூரம் எப்போதும் கெட்டது இல்லை. எங்கள் தொழிலில் நடுராத்திரி சர்வர் விழுந்தால், அதற்குள்ளேயே உழன்றுகொண்டிருப்பவனை விட, கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பவன்தான் ஓட்டையைக் கண்டுபிடிப்பான். சொந்தப் பிரச்சினையில் குழம்புகிற ஆள், நண்பனின் அதே பிரச்சினைக்குத் தெளிவாக யோசனை சொல்வதை நாம் பார்த்திருக்கிறோம். முழு வரைபடம் தெரிய வேண்டுமானால் உயரத்துக்குப் போகத்தான் வேண்டும். போனவர்கள் இறங்கியும் வரவேண்டும், அவ்வளவுதான்.

த்வாண்டே விஷயத்தில் எங்களுக்கு இரண்டும் தேவைப்பட்டது. உள்ளே இருந்த சித்தப்பாவுக்குப் பயத்தில் அடுத்த அடி தெரியவில்லை. தள்ளி இருந்த எங்களால் சட்டத்தின் வாசகத்தைப் படிக்க முடிந்தது. படிப்பவர்களுக்கு ஒத்திவைப்பு உண்டு என்று அதில் இருந்தது. ஆனால் அதற்கு என்ன காகிதம், யார் கையெழுத்து, எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் கீழே இறங்கி, ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் தெரியும். நானும் ஒரு அத்தையும் சேர்ந்து கேள்விகளை எழுதி, விபிஎன் கிடைக்கிற நேரம் பார்த்து, நாளைக்கு ஒன்று என்று அனுப்பினோம். பதினோரு கேள்வி. பதில் வர ஏழு வாரம் ஆனது. பையன் பெயர் இப்போதைக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. 'இப்போதைக்கு' என்பதை மறுபடி படியுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகலாம் என்றால், ஆண்களுக்கான அனுமதி விண்ணப்பங்களை 2024 மே மாதமே நிறுத்திவிட்டார்கள். படிப்பு முடிகிற நாளில் அந்தப் பட்டியல் மறுபடி திறக்கும். அந்தத் தேதி இப்போது எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பதினோரு கேள்விகளுக்குப் பிறகு குழுவின் பேச்சும் மாறியது. "பத்திரமா இருங்க" குறைந்தது. "காலேஜ்ல அட்டெண்டன்ஸ் கையெழுத்து ஆச்சா?", "இன்னைக்குக் கரண்ட் எத்தனை மணிக்கு வந்துச்சு?", "டலா படகு ஓடுதா?" என்ற கேள்விகள் வர ஆரம்பித்தன. விமானம் ஏறாமலேயே ஊர் கிட்டே வந்தது.

இதைப் படிக்கிற உங்கள் எல்லோருக்கும் ஒரு த்வாண்டே இருக்கும். இலங்கையில் விட்டு வந்த ஒரு பெரியம்மா, மலேசியத் தோட்டத்தில் தங்கிவிட்ட ஒரு மாமா, ஊரில் தனியாக இருக்கிற அப்பா. இந்த வாரம் போன் பண்ணும்போது "எப்படி இருக்கீங்க?" என்பதோடு நிறுத்தாதீர்கள். அதற்கு "நல்லா இருக்கோம்" என்ற ஒரே பதில்தான் உலகம் முழுக்க. "காலைல என்ன சாப்பிட்டீங்க, யார் சமைச்சாங்க, மருந்துக் கடைக்கு யார் போனாங்க?" என்று கேளுங்கள். பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்திருந்தால் போனை அதன் கையில் கொடுங்கள். அதுவும் ஒரு கேள்வி கேட்கட்டும். உடைந்த தமிழாக இருந்தாலும் பரவாயில்லை.